ஹைபிரிட் கார் வாங்கலாமா? கடலூர், புதுச்சேரிக்காரர்கள் போட வேண்டிய கணக்கு

2025 செப்டம்பர் 22 அன்று கார்களுக்கான ஜி.எஸ்.டி. மாறியது. அதிலிருந்து, கார் வாங்கப் போகிற வீடுகளில் ஒரு குழப்பம் தொடர்கிறது. ஹைபிரிட்டுக்கு வரி குறைந்துவிட்டதா? ஷோரூமில் சொல்லும் "லிட்டருக்கு 28 கிலோமீட்டர்" நிஜமா? நம் ஊர் வெள்ளத்தில் அந்தப் பேட்டரி என்ன ஆகும்?

எல்லோருக்கும் பொருந்தும் பதில் இதற்குக் கிடையாது. உங்கள் கார் ஓடும் கிலோமீட்டரில் எவ்வளவு ஊருக்குள், எவ்வளவு நான்குவழிச் சாலையில் என்பதுதான் தீர்மானிக்கும். விளம்பரத்தில் இருக்கும் மைலேஜ் எண்ணுக்கு அந்த அளவு முக்கியத்துவம் கொடுக்கத் தேவையில்லை. ஏன் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## ஹைபிரிட் என்ற பெயரில் மூன்று வகை

1. மைல்ட் ஹைபிரிட். வழக்கமான பெட்ரோல் எஞ்சின்தான். ஸ்டார்ட்டரும் டைனமோவும் சேர்ந்த மாதிரி ஒரு சின்ன மோட்டார், கூடவே ஒரு சின்ன பேட்டரி. சிக்னலில் எஞ்சினை அணைத்து மறுபடி எழுப்பும், வண்டி கிளம்பும்போது லேசாகத் தள்ளிவிடும். மின்சாரத்தில் மட்டும் இந்தக் கார் ஓடாது. மாருதி 2015 முதல் "ஸ்மார்ட் ஹைபிரிட்" என்ற பெயரில் விற்றுவருவது இந்த வகைதான். விலை அதிகம் கூடாது, மிச்சமும் சொற்பம்.

2. ஸ்ட்ராங் ஹைபிரிட். சக்கரத்தைத் தனியாகவே சுழற்றும் அளவுக்கு வலுவான மோட்டார் இதில் உண்டு. மெதுவாகப் போகும்போது எஞ்சின் அணைந்து, வண்டி சத்தமில்லாமல் மின்சாரத்தில் நகரும். வெளியிலிருந்து சார்ஜ் போட வேண்டியதில்லை, போடவும் முடியாது. மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் இரண்டிலும் உள்ள ஹைபிரிட் வேரியன்ட்கள், இன்னோவா ஹைகிராஸ், ஹோண்டா சிட்டி இ:எச்.இ.வி. எல்லாம் இந்த வகை.

3. பிளக்-இன் ஹைபிரிட். பெரிய பேட்டரி, வீட்டில் சார்ஜ் போடலாம். நடுத்தரக் குடும்பத்தின் பட்ஜெட்டில் இந்தியச் சந்தையில் இது இல்லை என்பதால் இங்கேயே விட்டுவிடலாம்.

காரின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் எழுத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். "எஞ்சின் அணைந்த நிலையில் இந்த வண்டி ஓடுமா?" என்று ஒரே கேள்வி கேளுங்கள். ஓடாது என்றால் அது மைல்ட். இனி இந்தக் கட்டுரையில் ஹைபிரிட் என்று வருவதெல்லாம் ஸ்ட்ராங் ஹைபிரிட்டைத்தான் குறிக்கும்.

## பெட்ரோல் எங்கே மிச்சமாகிறது?

பெட்ரோல் எஞ்சினுக்கு ஒரு குணம் உண்டு. ஓரளவு சுமையோடு சீரான வேகத்தில் ஓடும்போது அது சிக்கனமாக இருக்கும். ஊர்ந்து போகும்போதும் நின்றுகொண்டு உறுமும்போதும் வீணடிக்கும். ஹைபிரிட் செய்வது மூன்று வேலைகள்:

1. எஞ்சின் வீணடிக்கும் நேரங்களில், அதாவது கிளம்பும்போதும் ஊரும்போதும் நிற்கும்போதும், எஞ்சினை அணைத்துவிட்டு மோட்டாரைக் கொண்டு ஓட்டுகிறது.

2. பிரேக் போடும்போது வீணாகும் வேகத்தைப் பிடித்துப் பேட்டரிக்கு மின்சாரமாக அனுப்புகிறது. பிரேக் பேடு தேய்வது குறைவதும் இதனால்தான்.

3. மோட்டாரின் துணை இருப்பதால், இழுவை கொஞ்சம் குறைவானாலும் எரிபொருளை நன்றாகப் பயன்படுத்தும் அட்கின்சன் சுழற்சி எஞ்சினை வைக்க முடிகிறது.

இதில் பேட்டரியின் அளவைக் கவனியுங்கள். கிராண்ட் விட்டாரா ஹைபிரிட்டில் இருப்பது 0.76 யூனிட் பேட்டரி. ஒன்றரை டன் ஏ.சி.யை அரை மணி நேரம் ஓட்டுகிற மின்சாரம், அவ்வளவுதான். சேமித்து வைத்து நெடுந்தூரம் ஓடுவதற்கான பேட்டரி இல்லை இது. நிமிடத்துக்கு நிமிடம் வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். வாங்கிக் கொடுக்கும் வேலை நடக்க வேண்டுமென்றால் பிரேக் விழ வேண்டும், வேகம் ஏறி இறங்க வேண்டும்.

புதுச்சேரி மரப்பாலம் சந்திப்பில் மாலை ஆறு மணிக்கு அது நிறையவே நடக்கும். இந்திரா காந்தி சிலை, ஏ.எஃப்.டி. ரயில்வே கேட், அரியாங்குப்பம் என்று முதல் கியரைத் தாண்டாமல் ஊரும் இடங்களில் ஹைபிரிட்டின் எஞ்சின் பெரும்பாலும் அணைந்தே இருக்கும். ஏ.சி. கம்ப்ரசரும் மின்சாரத்தில் ஓடுவதால் கேட் மூடியிருந்தாலும் உள்ளே குளிர் நிற்காது. அக்னி நட்சத்திர வெயிலில் மட்டும் பேட்டரி சீக்கிரம் இறங்கி எஞ்சின் தானாக எழுந்துகொள்ளும். அது கோளாறு இல்லை.

அதே கார் நான்குவழிச் சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் விழுவதில்லை, பேட்டரிக்கு வரவு இல்லை. எஞ்சின் பெரும்பாலும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். எஞ்சினின் சிக்கனத்தால் கொஞ்சம் மிச்சம் வரும். ஊருக்குள் கண்ட வித்தியாசம் இங்கே வராது.

கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் இரண்டுக்கும் சொல்லப்படும் 27.97 என்ற எண், ஆய்வுக்கூடத்தில் உருளை மேல் ஓட்டி எடுத்தது. சாலையில் அதைவிடக் கணிசமாகக் குறையும், எந்தக் காருக்கும் இது பொருந்தும். இப்போது எல்லா பங்க்கிலும் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். அந்த இழப்பு ஹைபிரிட்டுக்கும் உண்டு, சாதாரண காருக்கும் உண்டு. ஆகவே ஒப்பீட்டை அது பெரிதாக மாற்றாது.

## வரி: செய்தியில் சொன்னதும் சொல்லாததும்

முன்பு 4 மீட்டரைத் தாண்டிய, 1500 சிசிக்கு உட்பட்ட பெட்ரோல் காருக்கு ஜி.எஸ்.டி.யும் செஸ்ஸும் சேர்ந்து 45 சதவீதம். அதே அளவுள்ள ஹைபிரிட்டுக்கு 43 சதவீதம். இப்போது இரண்டுக்கும் 40. அதாவது ஹைபிரிட்டின் விலை இறங்கியது உண்மை. ஆனால் சாதாரண பெட்ரோல் காரைவிட அதற்கு இருந்த 2 சதவீதச் சலுகை போய்விட்டது. 4 மீட்டருக்குள், 1200 சிசிக்குள் அடங்கும் சின்ன பெட்ரோல் காருக்கு 29-லிருந்து 18 ஆகக் குறைந்தது. மின்காருக்கு முன்பும் 5, இப்போதும் 5. ஆக, இந்த மாற்றத்துக்குப் பிறகு சின்ன காருக்கும் ஹைபிரிட்டுக்கும் இடையிலான தூரம் கூடியிருக்கிறது. "வரி குறைந்ததால் ஹைபிரிட் வாங்குங்கள்" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை எடுத்துக் காட்டுங்கள்.

அடுத்தது சாலை வரி. கடலூரும் புதுச்சேரியும் பிரிவது இங்கேதான்.

தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை விலையுள்ள காருக்கு 18 சதவீதம், 20 லட்சத்தைத் தாண்டினால் 20 சதவீதம். ஹைபிரிட்டுக்காக நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் தொகைக்கும் இந்த வரி உண்டு. 2 லட்சம் கூடுதல் என்றால் அதற்கு மேல் 36,000 ரூபாய். 20 லட்சத்தை ஒட்டிப் போகும்போது இன்னும் வலிக்கும். பெட்ரோல் வேரியன்ட் 19.5 லட்சம், ஹைபிரிட் 21.5 லட்சம் என்று வைத்தால் வரி 3.51 லட்சத்திலிருந்து 4.30 லட்சத்துக்குத் தாவும். வித்தியாசம் 79,000. தமிழ்நாடு மின்கார்களுக்குக் கொடுத்த சாலை வரி விலக்கு ஹைபிரிட்டுக்கு வரவில்லை. உத்தரப் பிரதேசம் 2024-ல் ஸ்ட்ராங் ஹைபிரிட்டுக்குப் பதிவு வரியைத் தள்ளுபடி செய்தது. வடக்கிலிருந்து வரும் யூடியூப் வீடியோக்களில் விலை வித்தியாசம் குறைவாகத் தெரிந்தால் இதையும் நினைவில் வையுங்கள்.

புதுச்சேரியில் சாலை வரி இதைவிடக் குறைவு. பெட்ரோலும் விலை குறைவு. முள்ளோடை எல்லையில் கடலூர் வண்டிகள் டேங்கை நிரப்பிக்கொண்டு திரும்புவது ஊரறிந்த விஷயம். இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. பெட்ரோல் மலிவாக இருக்கும் இடத்தில் ஹைபிரிட் மிச்சப்படுத்தும் தொகையும் குறையும். வரி குறைவு என்பதால் புதுச்சேரிக்காரருக்கு ஹைபிரிட் வாங்குவது மலிவு, பெட்ரோல் குறைவு என்பதால் அதன் பலனும் குறைவு.

"அப்படியானால் கடலூரில் இருந்துகொண்டு பி.ஒய். என்று தொடங்கும் புதுச்சேரி எண் வாங்கிவிடலாமே" என்று சிலருக்குத் தோன்றும். வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவுப்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். உண்மையில் அங்கே குடியிருக்காமல் முகவரி மட்டும் காட்டிப் பதிவு செய்தால் வழக்கு வரை போகும். பக்கத்து மாநிலத்தில் அப்படிப் போயும் இருக்கிறது.

## மூன்று வீடுகளின் கணக்கு

ஒரே அளவு, ஒரே வசதிகள் கொண்ட பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கோடுதான் ஹைபிரிட்டை ஒப்பிட வேண்டும். மேனுவல் கியர் அடிப்படை மாடலோடு ஒப்பிட்டால் கணக்கு கோணலாகிவிடும். கீழே உள்ளவை என் உத்தேச எண்கள். கூடுதல் விலை 2 லட்சம், வரியும் இன்சூரன்ஸும் சேர்ந்து கடலூரில் 2.4 லட்சம், புதுச்சேரியில் 2.1 லட்சம். பெட்ரோல் கடலூரில் 102 ரூபாய், புதுச்சேரியில் 95. நீங்கள் அன்றைய விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

1. புதுச்சேரி லாஸ்பேட்டை குடும்பம். பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது, நேரு வீதிக் கடைக்குப் போய் வருவது. ஆண்டுக்கு 8,000 கிலோமீட்டர், எல்லாம் ஊருக்குள். பெட்ரோல் காருக்கு லிட்டருக்கு 11, ஹைபிரிட்டுக்கு 20 என்று வைத்தால் மிச்சம் சுமார் 327 லிட்டர், 31,000 ரூபாய். கூடுதல் பணம் திரும்ப ஏறக்குறைய ஏழு ஆண்டு. மைலேஜ் வித்தியாசம் அவ்வளவு பெரியதாக இருந்தும் ஓட்டம் குறைவு என்பதால் இப்படி.

2. கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு, புதுச்சேரியில் வேலை. தினமும் போய்வர 50 கிலோமீட்டர், ஆண்டுக்கு 15,000. பாதி திறந்த சாலை, பாதி நெரிசல். 13-க்கு 21 என்று வைத்தால் மிச்சம் 440 லிட்டர். எந்தப் பக்கம் பெட்ரோல் போடுகிறார் என்பதைப் பொறுத்து 42,000 முதல் 45,000 ரூபாய். ஐந்தரை ஆண்டு.

3. வாரம் ஒருமுறை கடலூரிலிருந்து சென்னை. ஆண்டுக்கு 18,000, பெரும்பகுதி நெடுஞ்சாலை. 16-க்கு 20. மிச்சம் 225 லிட்டர், சுமார் 23,000 ரூபாய். பத்து ஆண்டு தாண்டும்.

மூன்றாவது வீடுதான் அதிகம் ஓட்டுகிறது. அங்கேதான் பலன் குறைவு. "நிறைய ஓட்டுபவர்களுக்கு ஹைபிரிட் நல்லது" என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் பாதிதான் உண்மை.

இன்னொன்று, கடன். கூடுதல் 2.4 லட்சத்தையும் சேர்த்து 9 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுக் கடன் எடுத்தால், அந்தப் பகுதிக்கு மட்டும் வட்டி சுமார் 59,000 ரூபாய். மஞ்சக்குப்பம்காரரின் ஐந்தரை ஆண்டு ஏறக்குறைய ஏழு ஆண்டாகிவிடும். இந்த வட்டியை ஷோரூமில் யாரும் கணக்கில் காட்டுவதில்லை.

## வெள்ளம், உப்புக்காற்று

நம் பகுதியில் கார் வாங்குகிற யாரும் இதைத் தாண்டிப் போக முடியாது. 2015 டிசம்பரை கடலூர் மறக்கவில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 48 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது, ரெயின்போ நகரில் வீடுகளுக்குள் தண்ணீர். அடுத்த நாட்களில் சாத்தனூர் அணை திறக்கப்பட்டு, தென்பெண்ணைக் கரையில் கடலூர், பாகூர் பகுதிக் கிராமங்கள் மூழ்கின.

ஹைபிரிட்டின் பெரிய பேட்டரி உறைக்குள் அடைத்து வைக்கப்பட்டது. மின்கசிவு இருக்கிறதா என்று கார் தானே கண்காணித்து எச்சரிக்கும். தண்ணீரில் நின்ற காரைத் தொட்டாலே ஷாக் அடிக்கும் என்ற பயம் தேவையில்லை. ஆனால் சாதாரண காரில் இல்லாத சில எச்சரிக்கைகள் உண்டு:

1. மின்சாரத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் எந்த நொடியும் தானாக எழும். முழங்கால் தண்ணீரில் "எஞ்சின்தான் அணைந்திருக்கிறதே" என்று இறக்கினால், நடுவில் அது எழுந்து காற்றுக்குழாய் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். அப்புறம் எஞ்சின் போனதுதான்.

2. தண்ணீரில் மூழ்கி எழுந்த காரின் பவர் பட்டனை அழுத்திப் பார்க்கவே கூடாது. டோ வண்டியில் ஏற்றிப் பயிற்சி பெற்ற சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும்.

3. ஆரஞ்சு நிறத்தில் தடிமனாக ஓடும் கேபிள்கள் உயர் மின்னழுத்தம். தெருமுனை மெக்கானிக் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் அதில் கை வைக்க விடாதீர்கள். அவர் உயிருக்கு ஆபத்து.

4. பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று, பல மாடல்களில் பின்சீட்டுப் பக்கமாக உள்ள ஒரு சல்லடை வழியாகப் போகிறது. அவற்றில் பேட்டரியும் பின்பக்கம்தான். ஆகவே வெள்ளம் சீட் உயரத்துக்கு வந்தால் செலவு சாதாரண காரைவிடப் பல மடங்காகும்.

5. இன்சூரன்ஸில் எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு எடுத்தாலும், ஹைபிரிட் பேட்டரியும் மோட்டாரும் அதில் அடங்குமா என்று பாலிசி வாசகத்தைப் படியுங்கள். ஏஜென்ட் வாயால் சொல்வது போதாது.

உங்கள் தெருவில் 2024-ல் எவ்வளவு தண்ணீர் நின்றது என்பது உங்களுக்கே தெரியும். காரைத் தூக்கி நிறுத்த மேடான இடம் எட்டும் தூரத்தில் இல்லை என்றால், நான் ஹைபிரிட்டைப் பரிந்துரைக்க மாட்டேன், மைலேஜ் கணக்கு எவ்வளவு சாதகமாக இருந்தாலும் சரி.

உப்புக்காற்றும் ஒரு கவலைதான். குளிர்காலத்தில் சாலையில் உப்பு தூவும் கனடாவில், டொயோட்டா ராவ்4 ஹைபிரிட்டின் பின்சக்கர மோட்டாருக்குப் போகும் கேபிள் இணைப்பு அரித்துப்போய் பெரும் புகாரானது. இங்கே விற்கும் முன்சக்கர ஹைபிரிட்களில் அந்த மோட்டார் இல்லை. இருந்தாலும் தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் போலக் கடலை ஒட்டிய இடத்தில் வீடு என்றால், சர்வீஸின்போது அடிப்பகுதிக் கேபிள் இணைப்புகளைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

## பேட்டரி ஆயுள், சர்வீஸ், டிக்கி

"பேட்டரி போனால் கதை முடிந்தது" என்ற பயம் மிகையானது. டொயோட்டா 1997-ல் ப்ரியஸை விற்கத் தொடங்கியதிலிருந்து இந்தத் தொழில்நுட்பம் உலகச் சாலைகளில் ஓடி நிரூபித்திருக்கிறது. பேட்டரியை முழுதாக நிரப்பவும் விடாமல், முழுதாக வற்றவும் விடாமல் நடுவிலேயே வைத்திருப்பதால் அது நீண்ட நாள் உழைக்கிறது. டொயோட்டாவும் மாருதியும் ஸ்ட்ராங் ஹைபிரிட் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரன்ட்டி தருகின்றன. ஆனால் மேலே உள்ள கணக்கில் பணம் திரும்பவே ஏழு ஆண்டு ஆகிறவர்களுக்கு, லாபம் தொடங்கும் நேரத்தில் வாரன்ட்டி முடியப்போகிறது.

டொயோட்டா முறையில் கிளட்ச் இல்லை, தனி ஸ்டார்ட்டர் இல்லை. தேயும் பாகங்கள் குறைவு. குளிர்விக்கும் சல்லடையில் தூசியும் நாய் முடியும் அடையாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

டிக்கியைத் திறந்து பாருங்கள். கிராண்ட் விட்டாராவில் பெட்ரோல் வேரியன்ட்டுக்கு 373 லிட்டர் இடம், ஹைபிரிட்டில் 265. பண்ருட்டியில் பலாப்பழம் ஏற்றவோ, திருப்பதிக்கு ஐந்து பேர் பெட்டியோடு போகவோ இது உறைக்கும்.

பிரான்சிலோ வளைகுடாவிலோ இருந்துகொண்டு ஆண்டில் இரண்டு மாதம் மட்டும் வந்து போகிற குடும்பங்களுக்கு ஹைபிரிட் வேண்டாம். மாதக்கணக்கில் நிற்கும் காரில் பேட்டரி இறங்கிப்போகும், ஓட்டமே இல்லாத காருக்கு மிச்சம் என்ற பேச்சும் இல்லை.

## அப்படியானால் எதை வாங்குவது?

சொந்த வீடு, உள்ளே கார் நிறுத்த இடம், சார்ஜர் பொருத்த வசதி, ஓட்டம் பெரும்பாலும் புதுச்சேரி–கடலூர் வட்டாரத்துக்குள். இந்த நான்கும் இருந்தால் ஹைபிரிட்டின் உண்மையான போட்டியாளர் மின்கார். முதலில் அதன் கணக்கைப் போடுங்கள்.

அடுக்குமாடியிலோ வாடகை வீட்டிலோ இருக்கிறீர்கள், சார்ஜர் வைக்க வழியில்லை, தினமும் நெரிசலில் 40, 50 கிலோமீட்டர், காரை எட்டு ஆண்டாவது வைத்திருப்பீர்கள். ஹைபிரிட் உங்களுக்காகவே செய்தது.

நெடுஞ்சாலை ஓட்டம்தான் அதிகம் என்றால் டீசலையோ, சாதாரண பெட்ரோலையோ பாருங்கள். ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர்கூடத் தாண்டாதவர்கள் 18 சதவீத ஜி.எஸ்.டி.க்குள் வரும் சின்ன பெட்ரோல் காரோடு நிறுத்திக்கொண்டு மீதிப் பணத்தைக் கையில் வைத்திருக்கலாம்.

அமைதி, சீரான ஓட்டம், குறைந்த புகை ஆகியவற்றுக்காகவே ஹைபிரிட் வேண்டும் என்பவர்களும் உண்டு. அது நியாயமான காரணம். அதற்கான விலை எவ்வளவு என்று தெரிந்து கொடுத்தால் போதும்.

## டெஸ்ட் டிரைவில் செய்ய வேண்டியவை

1. ஷோரூமைச் சுற்றி ஒரு வட்டம் போதாது. மாலை நெரிசல் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். குடும்பத்தில் எத்தனை பேர் வழக்கமாகப் போவார்களோ அத்தனை பேரையும் ஏற்றிக்கொள்ளுங்கள், ஏ.சி. போடுங்கள்.

2. கிளம்பும்போது டிரிப் மீட்டரைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். மரப்பாலத்திலிருந்து அரியாங்குப்பம் வரை ஒரு எண், தவளக்குப்பம் தாண்டித் திறந்த சாலையில் இன்னொரு எண் என்று தனித்தனியாகக் குறியுங்கள். அதே வழியில் பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கையும் ஓட்டிப் பாருங்கள்.

3. உங்கள் பழைய காரின் மூன்று மாத பங்க் பில்களை எடுத்து, உண்மையில் எவ்வளவு ஓடுகிறது என்று கண்டுபிடியுங்கள். பெரும்பாலானோர் நினைப்பதைவிடக் குறைவாகவே ஓட்டுகிறார்கள். மேலே மூன்று வீடுகளுக்குப் போட்ட கணக்கில் உங்கள் எண்களை வையுங்கள்.

4. வாரன்ட்டி முடிந்த பிறகு பேட்டரியின் விலை, அதை மாற்றத் தெரிந்த ஆள் எந்த சர்வீஸ் சென்டரில் இருக்கிறார், வெள்ளத்தில் சேதமானால் வாரன்ட்டி நிற்குமா. இந்த மூன்றுக்கும் பதிலை மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள். எழுத்தில் தரத் தயங்கினால், அதே கார் விற்கும் வேறு டீலரிடம் போங்கள்.